டம்டம்: குண்டு போகாத ஊருக்கெல்லாம் போன பெயர்

கொல்கத்தாவுக்கு விமானத்தில் போனவர்கள் எல்லோரும் டம்டம்மில்தான் இறங்கியிருப்பார்கள். விமான நிலையத்துக்கு நேதாஜியின் பெயர் வைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் ஊர்க்காரர்களுக்கு அது டம்டம் ஏர்போர்ட்தான், மெட்ரோவிலும் அந்தப் பெயரில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. 'தம்தமா' என்ற பழைய இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள், பீரங்கியை ஏற்றி வைக்க உயர்த்திக் கட்டிய மண்மேடு என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான், ஏனென்றால் 1783 முதல் 1853 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் பீரங்கிப் படைக்கு இதுதான் தலைமையிடம். அந்தப் படை மீரட்டுக்குப் போன பிறகும் வெடிமருந்துத் தொழிற்சாலை இங்கேயே தங்கிவிட்டது.

இதே பெயரை ஒரு ஜெர்மன்காரரிடம் சொல்லிப் பாருங்கள். உடம்புக்குள் புகுந்ததும் தலை மலர்ந்து சதையைக் குதறும் துப்பாக்கிக் குண்டுதான் அவருக்கு ஞாபகம் வரும். பிரெஞ்சிலும் அதே கதை, ஜப்பானிய மொழியிலும் அதே கதை. எத்தனையோ ஊர்கள் பண்டங்களுக்குப் பெயர் கொடுத்திருக்கின்றன, ஆனால் ஒரு போர்க் குற்றத்துக்கே பெயர் கொடுத்த ஊர் என்றால் சட்டென்று இது ஒன்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்க்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். தோண்டத் தோண்ட வேறு ஒன்று வெளியே வந்தது. வரலாற்றில் 'டம்டம்' என்ற சொல் பெரிதாக அடிபட்ட இடங்களில் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தால், அங்கே இருந்த குண்டு பெரும்பாலும் டம்டம் இல்லை. சூடானில் இல்லை, ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்து மருத்துவச் சோதனையில் இல்லை, 1914இல் ஜெர்மானியப் பேரரசர் தந்தியடித்துப் புலம்பியபோதும் இல்லை. குண்டை விட அதன் பெயர் ரொம்ப தூரம் சுட்டிருக்கிறது. அது எப்படி நடந்தது என்பதுதான் இந்த ஆய்வு.

முதலில் குண்டு வேறு, தோட்டா வேறு

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது, காரணம் தமிழில் நாம் எல்லாவற்றையும் குண்டு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பீரங்கியிலிருந்து போவதும் குண்டு, விமானத்திலிருந்து போடுவதும் குண்டு, துப்பாக்கியிலிருந்து வருவதும் குண்டு. வினைச்சொல்தான் நம்மைக் காப்பாற்றுகிறது: குண்டு பாய்ந்தது என்றால் துப்பாக்கி, குண்டு வெடித்தது என்றால் வேறு. தோட்டா என்பது முழுப் பொட்டலம். பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பொறி விடும் சிறு மூடி, உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு, எல்லாம் சேர்ந்தால்தான் தோட்டா. சுட்டதும் பறந்து போவது குண்டு மட்டும்தான், கூடு துப்பாக்கிக்காரனிடமே தங்கிவிடும். இலங்கைத் தமிழர்கள் இந்த விஷயத்தில் நம்மை விடத் தெளிவாக இருக்கிறார்கள். ரவை என்றும் சன்னம் என்றும் அவர்களிடம் தனித்தனிச் சொற்கள் புழங்குகின்றன, ரவைக்கூடு என்று அழகாக ஒரு சொல்லும் இருக்கிறது. அவர்கள் அதைக் கற்றுக்கொண்ட விதம் பொறாமைப்படும்படியானது இல்லை, அது வேறு விஷயம்.

டம்டம் விவகாரம் முழுக்க குண்டின் மூக்கைப் பற்றியது. கூட்டுக்கும் மருந்துக்கும் இதில் பங்கு கிடையாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: டம்டம் வெடிக்காது. அதற்குள் வெடிமருந்து கிடையவே கிடையாது. 'வெடிக்கும் தோட்டா' என்று இதற்கு விளக்கம் எழுதினால் அது முப்பது வருஷம் முந்தைய வேறொரு ஆயுதத்தின் கதையாகிவிடும். 1863இல் ரஷ்யாவில் வெடிமருந்து வண்டிகளைக் கொளுத்துவதற்காக, கடினமான பொருளில் பட்டால் வெடிக்கும் துப்பாக்கிக் குண்டு ஒன்று செய்தார்கள். 1867இல் அதை மெத்தென்ற பொருளில் பட்டாலும் வெடிக்கும்படி மாற்றிவிட்டார்கள். மெத்தென்ற பொருள் என்றால் மனிதன் என்று புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது. செய்த ரஷ்யாவே பயந்துபோய் மற்ற நாடுகளைக் கூப்பிட்டு 1868 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனத்தைக் கொண்டுவந்தது: 400 கிராமுக்குக் குறைந்த எடையில் வெடிக்கும் எறிபொருள் கூடாது. டம்டம் அந்தப் பிரகடனத்துக்குள் வராது. அது மலரும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு என்பதுதான் சண்டை.

சித்ராலில் வந்த புகார்

பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய துப்பாக்கி மார்டினி ஹென்றி. குண்டு 480 கிரெயின், அதாவது சுமார் 31 கிராம், வெறும் ஈயம், 11 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். அது பட்டால் எலும்பு நொறுங்கும். 1888இல் லீ மெட்ஃபோர்ட் வந்தது. குண்டின் குறுக்களவு 7.7 மில்லிமீட்டராகச் சுருங்கியது, எடை 215 கிரெயின், சுமார் 14 கிராம். ஆனால் வேகம் கூடிவிட்டது, நொடிக்கு ஏறத்தாழ 600 மீட்டர். அந்த வேகத்தில் வெறும் ஈயத்தை அனுப்ப முடியாது, குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் வரிகளில் ஈயம் அப்பிக்கொள்ளும். அதனால் செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தில் மெல்லிய சட்டை தைத்துப் போட்டார்கள். மூக்கு முழுவதும் மூடியிருக்கும், அடிப்பக்கம் மட்டும் திறந்திருக்கும். இந்த அடிப்பக்க விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ராணுவக் கணக்கில் எல்லாமே லாபம்: தோட்டா எடை குறைவு, சிப்பாய் அதிகம் சுமக்கலாம், குண்டு நேராக, தூரமாகப் போகும். உடம்பில் பட்டால் சின்ன ஓட்டை போட்டு அந்தப் பக்கம் போய்விடும். மருத்துவர்களுக்கும் சந்தோஷம், சீக்கிரம் ஆறும் காயம்.

1895இல் இந்தச் சந்தோஷம் கெட்டது. இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு மூலையில் இருக்கும் சித்ராலில் ஒரு சின்னப் பிரிட்டிஷ் படை கோட்டைக்குள் மாட்டிக்கொண்டு மார்ச் ஆரம்பத்திலிருந்து ஏப்ரல் 20 வரை முற்றுகையில் கிடந்தது. மீட்கப் போன படை ஏப்ரல் 3ஆம் தேதி மலக்கண்ட் கணவாயை அடித்துப் பிடித்தது. அந்தப் போரிலிருந்து திரும்பியவர்கள் சொன்ன புகார் ஒன்றுதான்: புது குண்டு ஆளை நிறுத்துவதில்லை. ஓடி வருகிறவன் மேல் பட்டுத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, அவன் பாட்டுக்கு ஓடி வந்துகொண்டே இருக்கிறான். பல குண்டு வாங்கியும் நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்த மனிதர்களைப் பற்றிய கதைகள் படை முகாம்களில் சுற்றின. கதைகளில் எத்தனை உண்மை, எத்தனை பயம் என்று பிரிக்க முடியாது. தன் மண்ணில் நுழைந்தவனை விரட்ட வாளோடு ஓடி வந்த மலைவாசிகள் குண்டு பட்டும் விழாதது அவர்களுடைய துணிச்சல் என்று யாரும் அறிக்கை எழுதவில்லை, குண்டின் குறை என்றுதான் எழுதினார்கள்.

ஒரு மில்லிமீட்டர்

புகார் டம்டம்முக்கு வந்து சேர்ந்தது. அப்போது தொழிற்சாலைக்குப் பொறுப்பாக இருந்தவர் பீரங்கிப் படை கேப்டன் நெவில் பெர்ட்டி கிளே. அவர் செய்த மாற்றத்தைக் கேட்டால் இதற்கா இவ்வளவு கலாட்டா என்று தோன்றும்: குண்டின் மூக்கில் உலோகச் சட்டையைக் கொஞ்சம் குட்டையாக்கினார். சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளிருக்கும் ஈயம் மூக்கு நுனியில் வெளியே தெரியும், மற்றபடி அதே குண்டு, அதே எடை, அதே கூடு. உடம்பில் பட்டதும் அந்த ஈயம் நசுங்கும், சட்டையின் வாய் பிளந்து பின்னால் மடங்கும், குண்டு காளான் மாதிரி விரியும். உள்ளே போகும்போது 7.7 மில்லிமீட்டர், வெளியே வரும்போது அந்த அளவு இல்லை.

இதற்கு ராணுவம் வைத்த பெயர் மார்க் 2 ஸ்பெஷல். எந்தப் பரபரப்பும் இல்லாத, ஸ்டோர் ரூம் பதிவேட்டுக்கு ஏற்ற பெயர். இன்று அந்தப் பெயர் துப்பாக்கித் தோட்டா சேகரிப்பவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. பெட்டியில் எங்கே செய்தது என்று போட்டிருந்த ஊரின் பெயரைத்தான் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டார்கள். "டம்டம் வந்திருக்கா?" என்று கேட்டுக் கேட்டு அதுவே பெயராகிவிட்டது, காஞ்சிபுரம் என்றாலே பட்டு என்று ஆகிவிட்ட மாதிரி. 1897-98இல் எல்லைப்புறத்தில் நடந்த டிரா போரில் இந்தக் குண்டு நிஜமாகவே பயன்பட்டது. டம்டம் என்ற சொல் டம்டம் குண்டைக் குறித்த காலம் என்று பார்த்தால் கிட்டத்தட்ட இதோடு சரி.

ஒரு சின்னக் கிளைக்கதை. தோட்டாவால் டம்டம் பெயர் அடிபட்டது இது முதல் தடவை இல்லை. 1857 ஜனவரியில், என்ஃபீல்ட் துப்பாக்கிப் பயிற்சி நடந்துகொண்டிருந்த இதே டம்டம்மில், தொழிற்சாலையில் வேலை பார்த்த கீழ்ச்சாதிக் கலாசி ஒருவர் ஒரு பிராமணச் சிப்பாயிடம் அவருடைய சொம்பில் தண்ணீர் கேட்டார். சாதி கெட்டுவிடும் என்று சிப்பாய் மறுத்தார். "இன்னும் கொஞ்ச நாளில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கப் போகிறீர்கள், அப்போது சாதி எங்கே போகும்" என்ற பொருளில் அந்தக் கலாசி திருப்பிக் கேட்டதாக அந்த மாதமே அதிகாரிகளின் கடிதத்தில் பதிவாகிவிட்டது. அந்த வதந்தி அங்கிருந்து பரவி என்ன ஆனது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். தண்ணீர் கொடுத்திருக்கலாம்.

டம்டம் இல்லாத டம்டம்கள்

இங்கிருந்துதான் சொல் கை மாற ஆரம்பிக்கிறது. இந்தியாவில் செய்ததைப் பார்த்து இங்கிலாந்தில் வுல்விச் ஆலைக்காரர்கள் தங்கள் பாணியில் ஒன்று செய்தார்கள். அவர்கள் சட்டையைக் குட்டையாக்கவில்லை, குண்டின் மூக்கிலேயே மேலிருந்து உள்ளே குழி தோண்டினார்கள். 1897இல் மார்க் 3 வந்தது, அதைத் திருத்திய மார்க் 4தான் பெருமளவில் தயாரானது. நோக்கம் ஒன்றுதான், விரிய வேண்டும். ஆனால் அமைப்பு வேறு, ஆலை வேறு, நாடே வேறு. இன்றைய கணக்கில் டம்டம் என்பது மூக்குத் திறந்த மென்முனைக் குண்டு, மார்க் 4 என்பது குழிமுனைக் குண்டு. வேட்டைக்காரர்களைக் கேட்டால் இரண்டும் வேறு வேறு சாமான் என்பார்கள்.

1898 செப்டம்பர் 2ஆம் தேதி சூடானில் ஓம்துர்மான் போர். ஒரே காலையில் சூடானின் மஹ்தி இயக்கத்துப் படையினர் பத்தாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள், பிரிட்டிஷ் பக்கம் செத்தவர்கள் ஐம்பதுக்குள்தான். அன்று பிரிட்டிஷ் காலாட்படை சுட்டது மார்க் 4. பொதுப் பேச்சில் அதற்கும் டம்டம் என்றே பெயர். சாவில் பெரும் பங்கு பீரங்கிக்கும் மேக்ஸிம் இயந்திரத் துப்பாக்கிக்கும் என்பது வேறு, ஆனால் மக்கள் மனதில் ஒட்டியது அந்த ஒரு சொல்தான். அதற்கும் சில மாதம் முன்னால் அதே சூடானில் இன்னும் கொச்சையான ஒரு வேலை நடந்தது. ஜெனரல் கேட்டகரின் படையிடம் இருந்தது மூக்கு முழுவதும் மூடிய பழைய மார்க் 2 மட்டும்தான், அதனால் சிப்பாய்களை உட்கார வைத்து அரத்தால் குண்டுகளின் மூக்கைத் தேய்க்கச் சொன்னார்கள். கையால் தேய்த்த அந்தக் குண்டையும் டம்டம் என்றார்கள். ஆக 1898 முடிவதற்குள் ஒரே சொல்லுக்கு மூன்று பொருள்: கல்கத்தா ஆலையில் செய்தது, வுல்விச்சில் குழி தோண்டியது, பாலைவனத்தில் அரத்தால் தேய்த்தது.

மூக்கைத் தேய்ப்பது எவ்வளவு முட்டாள்தனம் என்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தேய்த்தாலோ கத்தியால் சிலுவை கீறினாலோ சாதாரணக் குண்டு டம்டம் ஆகிவிடும் என்று இன்றும் ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. சட்டையின் அடிப்பக்கம் ஏற்கெனவே திறந்திருக்கிறது என்று சொன்னேன் இல்லையா, மூக்கையும் திறந்துவிட்டால் அது இரண்டு பக்கமும் திறந்த குழாய். பின்னாலிருந்து வாயு அழுத்தும்போது ஈயம் மட்டும் பிதுங்கிக்கொண்டு வெளியே போய்விடும், சட்டை குழலுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். சுட்டவனுக்கு அது தெரியாது. அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் கிழியும், அருகில் அவன் முகம் இருக்கும். ஆலையில் ஒழுங்காகச் செய்த மார்க் 4க்கே இந்தச் சிக்கல் வந்தது, 1899இல் இங்கிலாந்தின் பிஸ்லி துப்பாக்கி சுடும் போட்டியில்கூட வெயில் நேரத்தில் சட்டை கழன்றது. பிரிட்டன் மார்க் 4ஐக் கைவிட்டதற்கு ஹேக் மாநாடு மட்டும் காரணம் என்று நினைத்தால் பாதிதான் சரி. எதிரியை விடச் சொந்த ஆளைக் காயப்படுத்தும் தோட்டா எந்த ராணுவத்துக்கும் வேண்டாம்.

அடுத்தது டூபிங்கன். அங்கே பவுல் ஃபான் புரூன்ஸ் என்று பெரிய அறுவை மருத்துவர். விரியும் குண்டு என்ன காயம் செய்கிறது என்று சோதித்து 1898இல் வெளியிட்டார். எலும்பு தூள், சதை கூழ், பார்த்தவர்கள் அதிர்ந்துபோனார்கள், ஐரோப்பா முழுக்க டம்டம்மின் கொடுமை என்று பேச்சு. ஆனால் அவர் சுட்டது டம்டம் இல்லை. மௌசர் துப்பாக்கிக்கான வேட்டைக் குண்டு, மூக்கில் ஈயம் டம்டம்மில் தெரிவதை விடப் பல மடங்கு நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதையும் கிட்டத்திலிருந்து சுட்டார். ஸ்காட்லாந்தின் அபர்டீனிலிருந்து ஒரு மருத்துவர் இதைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சோதித்தது எங்கள் குண்டே இல்லை, உண்மையான டம்டம்மை வைத்துச் சோதித்தால் காயம் அந்த அளவு இல்லை என்று மருத்துவ இதழில் எழுதினார். அவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன். சீழில் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தவர் அதே ஆள்தான். கிருமிக்குச் சரியான பெயர் வைத்தவருக்குக் குண்டுக்குத் தப்பான பெயர் வைத்ததைப் பொறுக்க முடியவில்லை போல.

ஆக்ஸ்டன் சொன்னது உண்மை, அதை மறுக்க முடியாது. ஆனால் அவர் அதை எதற்காகச் சொன்னார் என்பதையும் பார்க்க வேண்டும். 'எங்கள் குண்டு அவ்வளவு மோசம் இல்லை' என்பது ஒரு வாதம். அதே நேரத்தில் ராணுவம் அந்தக் குண்டை வாங்கியதே 'பழையது போதுமான அளவு மோசம் இல்லை' என்ற புகாருக்காகத்தான். இரண்டும் ஒரே நாட்டின் வாயிலிருந்து ஒரே காலத்தில் வந்தன.

ஹேக்கில் சொல் இல்லாமலே சட்டம்

1899 மே 18 முதல் ஜூலை 29 வரை ஹேக் நகரத்தில் 26 நாடுகள் கூடின. சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து பிரதிநிதிகள் விரியும் குண்டைப் பற்றிப் பேச்சை எடுத்தார்கள். யாரைக் குறி வைக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பிரிட்டன் பக்கம் எழுந்தவர் மேஜர் ஜெனரல் சர் ஜான் ஆர்டா. அவர் பேச்சின் சாரம் இது: நாகரிகமான நாட்டுச் சிப்பாய் குண்டு பட்டால் காயம் பட்டுவிட்டது என்று புரிந்துகொண்டு படுத்துவிடுவான், தூக்கிப் போக ஆள் வரும் வரை காத்திருப்பான். காட்டுமிராண்டி அப்படி இல்லை, இரண்டு மூன்று குண்டு பட்டும் ஓடி வருவான், காயம்பட்டவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் அவனுக்கு விளக்குவதற்குள் உங்கள் தலையை வெட்டிவிடுவான். நகைச்சுவையாகச் சொன்னதாகத்தான் அவர் நினைத்திருப்பார். நாகரிகன், காட்டுமிராண்டி என்று பிரித்துப் பேசுவது இந்த நூற்றாண்டின் மனிதாபிமானத்துக்கே எதிரானது என்று ரஷ்யத் தரப்பிலிருந்து பதில் வந்தது. அந்த அறையில் பாரசீகம், சீனா, ஜப்பான், சயாம், துருக்கி எல்லாம் இருந்தன. எல்லைப்புறத்துப் பதான் யாரும் இல்லை, சூடானியர் யாரும் இல்லை.

டூபிங்கன் சோதனை எங்கள் குண்டை வைத்துச் செய்தது அல்ல என்பதையும் ஆர்டா சொன்னார். இந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது, ஆனால் முந்தின பேச்சுக்கு அப்புறம் யார் கேட்கப் போகிறார்கள். அமெரிக்காவின் கேப்டன் குரோசியர் இன்னொரு யோசனை வைத்தார். குண்டின் அமைப்பை விவரிக்காதீர்கள், ஆளைச் சண்டையிலிருந்து விலக்குவதற்குத் தேவையானதை விடக் கொடுமையான காயம் செய்யும் குண்டு கூடாது என்று பொதுவாக எழுதுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு வேறு வழியில் அதே கொடுமையைச் செய்வார்கள் என்றார். எடுபடவில்லை. பிற்பாடு நடந்ததைப் பார்த்தால் மனிதர் கெட்டிக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும்.

நிறைவேறிய வாசகம் இப்படி: மனித உடம்புக்குள் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளை, உதாரணமாகக் கடின உறை உள்ளீட்டை முழுவதும் மூடாத அல்லது உறையில் கீறல்கள் உள்ள குண்டுகளை, பயன்படுத்துவதில்லை. தேடிப் பாருங்கள், டம்டம் என்ற சொல் அதில் கிடையாது. ஒரு நாட்டின் ஆலையைப் பெயர் சொல்லித் திட்டாத நாகரிகம் அது, ஆனால் 'உறை முழுவதும் மூடாத' என்றதும் எல்லோர் கண்ணும் எங்கே போனது என்பதில் சந்தேகம் இல்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்து வாக்களித்தன, போர்ச்சுகல் ஒதுங்கிக்கொண்டது. 1907இல் பிரிட்டனும் போர்ச்சுகலும் சேர்ந்தன. அமெரிக்கா இன்று வரை சேரவில்லை.

இன்னொரு வரியும் அந்தப் பிரகடனத்தில் உண்டு: கையெழுத்துப் போட்ட நாடுகள் தங்களுக்குள் போரிடும்போது மட்டும்தான் இது கட்டுப்படுத்தும். அதாவது எந்த மனிதர்கள் மேல் சுடுவதற்காக இந்தக் குண்டைச் செய்தார்களோ, சித்ராலிலும் டிராவிலும் சூடானிலும் அதை உடம்பில் வாங்கினவர்கள், அவர்களுக்கு இந்தக் காகிதத்தில் இடமே இல்லை. ஐரோப்பியச் சிப்பாயின் உடம்பைக் காப்பாற்ற எழுதிய விதி இது. எனக்கு இந்த விவகாரத்தில் குண்டின் மூக்கை விட உறுத்துவது இந்த வரிதான்.

1914: எல்லோரும் எல்லோர் மேலும்

முதல் உலகப் போர் தொடங்கிச் சில வாரங்களிலேயே டம்டம் திரும்பி வந்தது, இந்த முறை வெறும் சொல்லாக. 1914 செப்டம்பரில் கைசர் வில்ஹெல்ம் அமெரிக்க அதிபர் வில்சனுக்குத் தந்தியடித்தார். பிரான்சின் லோங்வி கோட்டையைப் பிடித்தபோது ஆயிரக்கணக்கில் டம்டம் குண்டுகள் கிடைத்தன, அரசாங்க ஆலையிலேயே செய்தவை, ஆங்கிலேயரும் இதையே பயன்படுத்துகிறார்கள் என்று புகார். அவை போர்முனைக்கானவை அல்ல, சுடும் பயிற்சிக்கானவை என்றது பிரான்ஸ். ஜெர்மானியர்தான் குண்டைத் திருப்பிச் செருகிச் சுடுகிறார்கள் என்று எதிர்ப் புகாரும் வந்தது. யார் சரி, யார் தப்பு என்று போர் முடிந்த பிறகு பார்க்கலாம் என்ற தோரணையில் வில்சன் பதில் போட்டுவிட்டார்.

இந்தப் புகார்களில் பலவற்றை மனப்பூர்வமாகத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கிட்டத்திலிருந்து வேகமாக வரும் சாதாரண முழுச் சட்டைக் குண்டே எலும்பில் பட்டால் வெளியேறும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிக்கும். முன்னே பின்னே அப்படி ஒரு காயத்தைப் பார்க்காத டாக்டர் 'இது டம்டம்' என்று எழுதிவிடுவார். சுவிஸ் அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர், 1909இல் நோபல் வாங்கியவர், வேகமான குண்டு உடம்பின் நீர்ச்சத்தை எப்படித் தள்ளிக் கிழிக்கிறது என்பதைப் பல வருஷம் முன்பே சோதித்துக் காட்டியிருந்தார். போர்முனைக் கூடாரத்தில் அதையெல்லாம் யார் நினைத்துப் பார்ப்பார்கள். காயம் பெரிதா, அப்போது எதிரி அயோக்கியன்.

அப்புறம் குரோசியரின் எச்சரிக்கை. 1910இல் பிரிட்டன் மார்க் 7 குண்டைக் கொண்டுவந்தது, அந்தப் போர் முழுக்க ஓடியது அதுதான். கூர்மூக்கு, 174 கிரெயின், சட்டை மூக்கை முழுசாக மூடியிருக்கும், சட்டத்தில் ஓட்டை இல்லை. ஆனால் மூக்குக்குள் ஈயத்துக்குப் பதிலாக இலேசான அலுமினியத் துண்டு, பிற்பாடு மரக்கூழ்கூட வைத்தார்கள். எடை பின்பக்கம் சாய்ந்திருப்பதால் உடம்பில் பட்டதும் குண்டு நிலை தடுமாறிக் கவிழும், குறுக்காக உழுதுகொண்டு போகும். விரியவில்லை, தட்டையாகவில்லை, உறை முழுவதும் மூடியிருக்கிறது. ஹேக் வாசகத்தை ஒரு எழுத்துக்கூட மீறவில்லை.

இன்று இந்தச் சொல்லை வைத்து என்ன செய்வது

மூக்கு விரியும் குண்டு இன்று உலகம் பூராவும் சட்டப்படி விற்கிறது. பெரிய மிருகத்தை வேட்டையாட முழுச் சட்டைக் குண்டைப் பயன்படுத்தக் கூடாது, விரியும் குண்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று பல இடங்களில் விதியே இருக்கிறது, ஏனென்றால் துளைத்துக்கொண்டு போகும் குண்டு மிருகத்தை மணிக்கணக்கில் அலைய விட்டுச் சாகடிக்கும். மனிதனுக்குக் கொடுமை என்று தடுத்தது மானுக்குக் கருணை. பல நாட்டுப் போலீசும் குழிமுனைக் குண்டு வைத்திருக்கிறது, அதற்கு அவர்கள் சொல்லும் காரணம், குற்றவாளி உடம்பிலேயே நின்றுவிடும், பின்னால் நிற்கும் அப்பாவி மேல் பாயாது என்பது. ஹேக் பிரகடனம் போருக்கு மட்டும்தான் என்பதால் போலீசைத் தடுக்க அதில் இடமில்லை. கேட்கவே விசித்திரமாக இருக்கும்: எதிரி நாட்டுச் சிப்பாய் மேல் சுடக் கூடாத குண்டைச் சொந்த நாட்டுக்காரன் மேல் சுடலாம்.

போரிலோ சட்டம் இறுகிக்கொண்டே வந்தது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய 1998 ரோம் சட்டத்தில் இது போர்க் குற்றம், முதலில் நாடுகளுக்கு இடையிலான போரில் மட்டும், 2010இல் கம்பாலாவில் செய்த திருத்தத்துக்குப் பிறகு உள்நாட்டுப் போர்களுக்கும். அந்தச் சட்ட வாசகமும் 1899 வாசகத்தையேதான் திருப்பிச் சொல்கிறது, அதிலும் டம்டம் என்ற சொல் இல்லை. இன்று எந்த ராணுவக் கொள்முதல் பட்டியலிலும் டம்டம் என்று ஒரு சாமான் கிடையாது. எதிரி வைத்திருந்தால்தான் அது டம்டம், நம்மிடம் இருந்தால் மென்முனை, குழிமுனை, ஸ்பெஷல்.

எனவே தமிழில் எழுதுகிறவர்களுக்கு என் யோசனை: 1890களின் இந்திய எல்லைப்புறத்தைப் பற்றி எழுதினால் டம்டம் குண்டு என்று தாராளமாக எழுதுங்கள், அது அங்கே உண்மையான பண்டம். யாராவது யார் மேலோ குற்றம் சாட்டினால் 'டம்டம் பயன்படுத்தியதாகக் குற்றச்சாட்டு' என்று அவர்கள் வாயில் வைத்து எழுதுங்கள். மற்ற இடங்களில் விரியும் குண்டு போதும், எல்லோருக்கும் புரியும். டம்மி தோட்டா என்பது மருந்தே இல்லாத பயிற்சிச் சாமான், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆங்கிலத்தில் மடையனை டம்டம் என்று திட்டுவதும் வேறு வேரிலிருந்து வந்த வேறு சொல், அதற்காகவாவது கொல்கத்தாக்காரர்கள் யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.